ஆறாம் வகுப்பு விஜிக்காக நான் எழுதிய கார்டு

போன மாதம் எங்கள் பழைய பள்ளியிலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள்.

"அண்ணே, பசங்க விவரத்தைப் பாதுகாக்கணும்னு புதுச் சட்டம் வந்திருக்காம். எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கறாங்க. பழைய ரிஜிஸ்டர்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? நீங்களும் வந்து உக்காந்துடுங்க" என்றாள்.

போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு தம்பி திரையில் படம் காட்டிப் பேசினார். பிள்ளையின் பெயர், முகவரி, போட்டோ எதையும் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்றார். நல்ல பேச்சு. முடிந்ததும் நான் கையைத் தூக்கினேன்.

"பெற்றோர்னா ரெண்டு பேர்ல யாரு தம்பி?"

"யாராவது ஒருத்தர் சார். அம்மாவோ அப்பாவோ. ஒரு கையெழுத்து இருந்தா போதும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்ததும் கவிதா, "ஏண்ணே, மூஞ்சி அப்படிப் போயிடுச்சு? சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள். மாத்திரை போட்டிருந்தேன். காரணத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஊழியர் சங்க மலருக்கு இதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் அடுத்தவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். என் விஷயத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் ஒன்பதாம் வகுப்புப் பாதியில் ரயிலேறியவன். வீட்டில் யாரும் அடிக்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத பிறவி, அவ்வளவுதான். கூடூரில் டீக்கடை, பிறகு நாக்பூர் வரை லாரியில் கிளீனர். லாரி கவிழ்ந்ததில் காலில் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் அரசு ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தேன். மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை. கடைசியில் தி.நகரில் கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவரிடம் சேர்ந்தேன். அவர் என் தலையில் குட்டிக் குட்டி எழுத்தைத் திருத்தினார். சாரத்தில் நிற்க அந்தக் கால் ஒத்துழைக்காததால் அந்த வேலையும் போயிற்று. மயிலாப்பூரில், அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் அலுவலக உதவியாளர் வேலை இருப்பதாக ஒருவர் சொன்னார். எட்டாவது தேறியிருந்தால் போதும் என்றார்கள். மணியடிக்கவும் தண்ணீர் பிடித்து வைக்கவும் போனவன், என் கையெழுத்தைப் பார்த்த தலைமையாசிரியையால் பதிவறைக்குள் இழுக்கப்பட்டேன். சம்பளம் பியூனுக்கு, வேலை எழுத்தருக்கு. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அங்கே மின்விசிறி இருந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளைகளின் விவரத்தை நாங்கள் என்ன பாடு படுத்தினோம் என்று இன்று நினைத்தால் எனக்கே திக்கென்கிறது. உதவித்தொகைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவேன். சாதிப் பிரிவைச் சொல்லி, "இந்தப் பிரிவு எழுந்து நில்லுங்க" என்பேன். பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவேன். அப்படித்தான் வழக்கம். ஒரு நாள் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், "சார், இவளும்தான் சார்" என்று உரக்கச் சொன்னாள். அந்தப் பெண் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல இருந்தாள். நான் வகுப்பை விட்டு வெளியே போகும்வரை நிமிரவில்லை. எனக்கு அன்று எதுவும் தோன்றவில்லை. நேரமாகிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

இன்னொன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் டுடோரியல்காரர்கள், கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவர்கள் எல்லாம் வருவார்கள். ஒரு டைரியும் காலண்டரும் கொடுத்துவிட்டு, மாணவிகளின் முகவரியை எங்கள் பதிவேட்டிலிருந்தே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போவார்கள். நாங்களே மேசையைத் துடைத்து இடம் போட்டுக் கொடுப்போம். ஒரு வருஷம் அப்படி எழுதிப்போன ஓர் ஆள், ஒரு மாணவிக்கு வாரம் ஒரு கடிதம் போட ஆரம்பித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவள் அப்பா கடிதக் கட்டோடு வந்து எங்கள் மேசையில் போட்டார். "என் பொண்ணு உங்களை நம்பி விலாசம் குடுத்தா" என்றார். அதோடு அவளுடைய படிப்பை நிறுத்திவிட்டார். தப்பு செய்தவன் எவனோ, நிறுத்தப்பட்டவள் அவள்.

அன்றைக்குத் தலைமையாசிரியை பதிவேடுகளை எல்லாம் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் நாலு தலைமுறையாக இருந்த குடும்பம். நாங்கள் 'பெரியம்மா' என்போம். எந்தத் தாள் வந்தாலும் நின்றுகொண்டுதான் படிப்பார். இரண்டு தாள்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஒன்றில் அடிக்கோலை வரிக்குக் கீழே பிடிப்பார். இன்னொன்றில் இடது கைச் சுட்டுவிரலை வைப்பார். முணுமுணுத்துக்கொண்டே வரிவரியாக இறங்குவார். காப்பி ஆறிப் போகும். யார் வந்து நின்றாலும் நிமிர மாட்டார். கடைசி வரி முடிந்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார், பேனாவைத் திறப்பார்.

"பேப்பர்ல இருக்கறதுதான் நமக்குத் தெரியும் மாணிக்கம். மத்ததெல்லாம் ஊர்வம்பு" என்பார். எனக்கு அவரிடம் பயம். ஆனால் அவர் என்னை ஒரு தடவைகூட 'டா' போட்டதில்லை.

விஜியின் விஷயம் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

ஜூலை மாதம், சேர்க்கை முடிந்து வகுப்புகள் ஓடிக்கொண்டிருந்த சமயம், ஒரு பெண்மணி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர். அடையாற்றில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பித்தான் தைக்கிறார். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் வீட்டில் ஓர் அறை. பெண் ஐந்தாவது முடித்திருக்கிறாள், ஆனால் பழைய பள்ளியின் பதிவுத்தாள் கையில் இல்லை. பதிவுத்தாள் என்பது பிள்ளை எந்த வகுப்பு வரை படித்தது, பிறந்த தேதி என்ன, அடையாளம் என்ன என்று பழைய பள்ளி எழுதித் தரும் தாள். அது இல்லாமல் சேர்த்தால், சேர்த்த பள்ளி பழைய பள்ளிக்கு எழுதி அதை வரவழைக்க வேண்டும். அதுதான் விதி.

பெரியம்மா அந்தப் பெண்மணியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டை எழுதச் சொன்னார். நான் கேட்கக் கேட்க அந்தம்மா சொன்னார். தகப்பன் பெயர், தொழில், முகவரி. அங்க அடையாளம் என்ற கட்டத்துக்கு வந்ததும், "ரெண்டு மச்சம் சொல்லுங்க" என்றேன்.

அவர் மகளின் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே ஏற்றினார். நாலு விரல் அகலத்துக்குத் தீய்ந்த தழும்பு. புதுசு. ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"இது அவங்கப்பா தோசைக் கரண்டியால வெச்சது சார். மச்சம்னு எழுதாதீங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'இடது முழங்கைக்கு மேல் சுட்ட தழும்பு' என்று எழுதி, மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினேன். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். தாய் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "பழைய ஸ்கூலுக்கு மட்டும் நாங்க இங்க இருக்கறது தெரிய வேணாம் சார். அங்க எல்லாரும் அவருக்கு வேண்டியவங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு பெரியம்மா ஒரு துண்டுச் சீட்டில், 'பதிவுத்தாள் கேட்டு எழுத வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்த வரிக்கு நேராகக் குண்டூசியால் குத்தினார். "இந்தச் சீட்டை எடுத்துடாதே" என்றார். பதிவேட்டில் சாதிக்குக் கட்டம் உண்டு. அம்மை குத்தியதற்குக் கட்டம் உண்டு. யாருக்குச் சொல்லக் கூடாது என்பதற்குக் கட்டம் இல்லை. ஆகவே சீட்டு.

நவம்பரில் ஆய்வு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆய்வு என்றால் தீபாவளிக்கு வீடு கழுவுவது மாதிரி. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் குண்டூசியோ துண்டுச் சீட்டோ படக் கூடாது. பதிவேட்டில் தொங்கும் தாள் இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். அதனால் முதல் நாளே எல்லாப் பதிவேட்டையும் புரட்டி, ஊசிகளைப் பிடுங்கி, சீட்டுகளை உருவி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவது என் வேலை. வருஷா வருஷம் செய்வதுதான். அந்த வருஷமும் செய்தேன். எந்தச் சீட்டையும் படிக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது.

ஆய்வு முடிந்தது. பதினோரு மாணவிகளுக்குப் பதிவுத்தாள் இல்லை, உடனே எழுதி வரவழைத்து ஏழு நாளில் அறிக்கை தர வேண்டும் என்று குறிப்பு வந்தது. தங்கை கணவர் இறந்ததால் பெரியம்மா கும்பகோணம் போயிருந்தார். துணைத் தலைமையாசிரியை குறிப்பை என்னிடம் நீட்டினார். நான் பதினோரு அஞ்சலட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு எழுதினேன். 'தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு பயின்ற, இன்னாரின் மகள் இன்னார், எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்துள்ளார். அவருடைய பதிவுத்தாளை அனுப்பி உதவவும்.' கீழே பள்ளி முத்திரை, முகவரியோடு. எட்டாவதோ ஒன்பதாவதோ விஜியுடையது. அவள் பெயரை எழுதும்போது எனக்குத் தழும்பு ஞாபகம் வரவில்லை. தாய் சொன்னது ஞாபகம் வரவில்லை. எழுத்து ஒரே சீராக வருகிறதா என்றுதான் பார்த்தேன். நானே லஸ் முனைக்குப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று துணைத் தலைமையாசிரியை சொன்னதால் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போயிருந்தார்கள். நான் பசைக் கிண்ணத்தில் விரலை விட்டு உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு பை சாத்துக்குடி. நாற்பது வயதுக்குள் ஓர் ஆள் வந்து கும்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்த எழுத்து யாருதுங்க?"

என்னுடையது. என் எழுத்து, என் சுழி, எங்கள் முத்திரை.

"என்னுதுதான்" என்றேன்.

"முத்து முத்தா இருக்குதுங்க. எங்க ஊரு ஸ்கூல் கிளார்க்கு, 'ஏம்ப்பா, உம் பொண்ணு மெட்ராஸ்ல நல்ல ஸ்கூல்லதான் படிக்கிறா'ன்னு கையிலயே குடுத்துட்டாரு. எட்டு மாசமா தேடறேங்க. போகாத கோயில் இல்ல. கடைசில உங்க எழுத்துதான் வழி காட்டுச்சு." சிரித்தார். "பதிவுத்தாளும் வாங்கியாந்துட்டேன். பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்க, ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

என் விரல் பசைக்குள்ளேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. லாரி கவிழ்ந்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. லாரி விழும்போது விழுகிறது என்று தெரியும். இது மூன்று வாரத்துக்கு முன்பே விழுந்துவிட்டது, எனக்குத் தெரியாமல்.

அவர் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. தகப்பன் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்புவதுதான் வழக்கம். நான் வேறு வழி தெரியாமல் அவரைப் பெரியம்மாவின் அறைக்குக் கூட்டிப்போனேன். கார்டை மேசையில் வைத்தேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த பெரியம்மா கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உக்காருங்கோ" என்று அந்த ஆளிடம் சொன்னார். "மாணிக்கம், சேர்க்கை ரிஜிஸ்டர்."

கொடுத்தேன். அவர் பதிவுத்தாளை ஒரு பக்கமும் பதிவேட்டை ஒரு பக்கமும் வைத்தார். அடிக்கோல், சுட்டுவிரல். நின்றுகொண்டே ஆரம்பித்தார். பெயர். தகப்பன் பெயர். பிறந்த தேதி. அந்த ஆள் பொறுமையாகச் சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கோல் இறங்கி இறங்கி ஒரு வரியில் நின்றது.

"அங்க அடையாளம் ஒத்துப் போகலையே."

"என்னங்க?"

"நீங்க கொண்டு வந்ததுல ரெண்டு மச்சம் போட்டிருக்கா. எங்க ரிஜிஸ்டர்ல சுட்ட தழும்புன்னு இருக்கு. ஒருவேளை இது வேற பொண்ணோ என்னமோ."

"இல்லீங்க, அதே பொண்ணுதான். அது பின்னால வந்ததுங்க."

"எப்படி வந்தது?"

அந்த ஆள் சிரித்தார். "வீட்டுல நடக்கறதுதானுங்களே."

"எனக்குப் பேப்பர்ல வேணும். அடையாளம் மாறினா எப்படி மாறித்துன்னு தகப்பனார் கைப்பட எழுதிக் குடுக்கணும். விவரமா எழுதுங்கோ. அவசரமில்லை." வெள்ளைத் தாளும் தன் பேனாவும் கொடுத்தார். பேனாவை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆள் குனிந்து எழுதத் தொடங்கினார். பெரியம்மா சுற்றறிக்கை நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதி என்னிடம் நீட்டினார். நாளைக்கு விடுமுறை, நாளைக்குக் கூட்டம் என்று வகுப்பு வகுப்பாக எடுத்துப் போகும் நோட்டு அது. "ஆறாம் வகுப்புல மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கிண்டு வா."

ஆறாம் வகுப்பில் பூகோளம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் நோட்டைப் படித்தார், முகம் மாறியது, என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'விஜியைப் பின்வாசல் வழியாக மாணிக்கத்துடன் அனுப்பவும். அவள் தாயாரிடம் சேர்க்கவும். யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.'

சமையல்கூடத்தைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்ததும்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"எங்கப்பா வந்துட்டாரா சார்?"

பதினோரு வயது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்வாசலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள், ஓடுவதற்கு.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியா? கம்முனு குந்திகினு கீது."

"ஆமா, சீக்கிரம் போப்பா."

"பறக்கவா சொல்ற? இது ஆட்டோபா, ஏரோப்ளேன் இல்ல" என்றார். ஆனாலும் பறந்தார்.

கம்பெனி வாசலில் காவல்காரர் விடவில்லை. "ஷிப்ட் நடந்துகினு கீது. அஞ்சு மணிக்கு வா." நான் பள்ளியிலிருந்து வருகிறேன் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அந்தப் பெண் முன்னால் போய், "அம்மாகிட்ட அப்பா வந்துட்டாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே போனார்.

தாய் விரலில் நூல் சுற்றியபடி ஓடிவந்தார். மகளின் கன்னம், கை, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "எப்படி சார் தெரிஞ்சுது?" என்றார்.

தபாலில் தவறிவிட்டது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"நான்தாம்மா எழுதினேன். பதிவுத்தாள் கேட்டு. மறந்து எழுதிட்டேன்."

என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க மேல கோவப்பட இப்ப நேரமில்ல சார்" என்றார். "எனக்கு ரெண்டு வேலை செய்யுங்க. குப்பத்துல போய் என் பெட்டியை எடுத்துட்டு வாங்க. அப்புறம், ஸ்கூல்ல சர்டிபிகேட் வாங்கிக் குடுங்க. போன தடவை வெறுங்கையோட ஓடிவந்தேன். இந்தத் தடவையும் அப்படிப் போனா எந்த ஸ்கூல்லயும் சேத்துக்க மாட்டாங்க. இவ படிப்பு நின்னுச்சுன்னா அவர் ஜெயிச்ச மாதிரி."

காவல்காரரின் மேசையிலேயே விண்ணப்பம் எழுதினேன். அந்தம்மா கையெழுத்துப் போட்டார்.

பள்ளிக்குத் திரும்பும்போது எதிர்ப்பக்கம் டீக்கடையில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். கடைசி மணிக்காகக் காத்திருக்கிறார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பெரியம்மா அவரிடம், சேர்க்கும்போது யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள் வந்தால்தான் அனுப்புவது எங்கள் விதி, நாளைக்கு ரேஷன் கார்டோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு விதி எழுத்தில் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் எழுதிக் கொடுத்த தாள் மேசையில் இருந்தது. பெரியம்மா அதை என் பக்கம் தள்ளினார். தப்பில்லாத தமிழ். விளையாடும்போது பட்டது, எண்ணெய் தெறித்தது என்று ஏதாவது எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். 'எதிர்த்துப் பேசிய தாயாரைத் திருத்தும் பொருட்டு, மேற்படி மாணவிக்கு என்னால் சூடு வைக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். பதுக்கவில்லை, நடுங்கவில்லை. தாயைத் திருத்த மகளுக்குச் சூடு. அதை ஒரு பள்ளியில் எழுதிக் கொடுக்கலாம் என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

"இத்தனை வருஷத்துல எவ்வளவோ பேப்பர் படிச்சாச்சு மாணிக்கம்" என்றார் பெரியம்மா.

பிறகு, "அந்தச் சீட்டு எங்கே?" என்று கேட்டார். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தேன். கொட்டித் தேடி எடுத்தார். ஊசித் துளைகள் இருந்தன. "கட்டம் இல்லைன்னு சீட்டுல எழுதினேன். ரிஜிஸ்டர்லயே சிவப்பு மையில எழுதியிருக்கணும். எவன் என்ன குறிப்பு போட்டா என்ன? தப்புல பாதி என்னோடது" என்றார். என் பாதியைப் பற்றி அவர் பேசவில்லை.

மாற்றுச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தோம். அந்த ஆளே கொண்டுவந்த பதிவுத்தாளால்தான் இப்போது அதை முறைப்படி எழுத முடிந்தது. நான் எழுத எழுத அவர் கோலை வைத்து வரிவரியாகச் சரிபார்த்தார். வருகை நாட்கள். தேறிய வகுப்பு. நடத்தை, மிக நன்று. மணி மூன்றரை ஆகிவிட்டது.

"அம்மா, நேரமாவுதும்மா" என்றேன்.

"ஒரு எழுத்து தப்பா இருந்தா, சேர்த்துக்கற ஸ்கூல் சந்தேகம் கேட்டு நமக்குக் கார்டு போடும். அந்தக் கார்டு யார் கண்ணுல படுமோ. ஒருத்தரும் நமக்கு எழுத வேண்டிய அவசியமே வரப்படாது. மறுபடியும் மேலேருந்து படி."

மேலிருந்து படித்தேன்.

சான்றிதழை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அம்மா விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னாய்யா இஸ்கூலு நடத்தறீங்க? படிக்காதவ நான், எட்டு மாசமா எவன் கேட்டாலும் 'அப்படி யாரும் இங்க கெடயாது'ன்னு சொல்லிகினு கீறேன். படிச்சவங்க நீங்க கார்டு போட்டுச் சொல்லிட்டீங்களே!"

"நான் படிக்காதவன்தான்மா."

"அப்போ படிச்சவங்க வேலையை ஏன்யா செஞ்சே?" என்றார். பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தகரப் பெட்டி. அதன் மேல் ஒரு பொட்டலம் வறுத்த நெத்திலியும் வைத்துக் கட்டினார். "பொண்ணு இதுன்னா நல்லா துன்னும்" என்று சொல்லிக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

சொல்லியிருந்தபடி அடையாறு பஸ் டெப்போவில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். பெட்டியையும் சான்றிதழையும் கொடுத்தேன். தாய் சான்றிதழைப் படித்துப் பார்த்து, இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க போறோம்னு கேக்காதீங்க சார்."

"கேக்கலம்மா."

"எந்த பஸ்ல ஏறறோம்னும் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். போஸ்டர் கிழிந்து பசை காய்ந்த சுவர். பின்னால் பஸ்கள் வந்தன, போயின, கண்டக்டர்கள் ஊர் ஊராகக் கூவினார்கள். காதைப் பொத்திக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வேறு யாரோ நின்றிருந்தார்கள்.

அந்த ஆள் மறுநாள் வந்தார். கத்தவில்லை. பெண் வரவில்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த ஜூனில் மறுபடி வந்தார், சாத்துக்குடிப் பையோடு. "எங்கயாவது சேத்திருப்பாங்க. அந்த ஸ்கூல்லேருந்து உங்களுக்குக் கார்டு வந்திருக்குமேங்க?" நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான்கு வருஷம், நான்கு ஜூன் வந்தார். தபாலை நான்தான் முதலில் வாங்குவேன், வேறு யாரையும் தொட விடுவதில்லை. அப்படி ஒரு கார்டு வந்தால் கிழித்து விழுங்கிவிட்டு 'வரலை' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல, பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். எத்தனையோ பெண்களுக்குக் கார்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. 'வரலை' என்று ஒவ்வொரு தடவையும் நான் அவரிடம் சொன்னது உண்மை.

அந்த உண்மைதான் என்னைத் தூங்கவிடவில்லை. சான்றிதழில் ஒரு எழுத்தும் பிசகாமல் இருந்ததால் யாரும் எங்களுக்கு எழுத வேண்டியிருக்கவில்லையா, அல்லது அந்தச் சான்றிதழை யாரிடமும் நீட்டாமலே அவள் படிப்பு அன்றோடு நின்றதா? எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பதிவறையில் இருந்தும் நான் யாருக்கும் எழுதி விசாரிக்கவில்லை.

இதைக் கேட்கும் சின்னவர்கள் உடனே போனைக் கையில் எடுக்கிறார்கள். "முழுப் பேரைச் சொல்லுங்கண்ணே, ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடலாம்" என்கிறார்கள். நான் சொல்வதில்லை. விஜி என்பது அவள் பெயர் இல்லை.